இரும்பை எடுத்துக்கொண்டோம், தராசை எங்கே வைத்தோம்?



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரமாக லைக் போட்டுவிட்டுப் போக வேண்டாம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசித்துவிட்டு, பிழை இருந்தால் திருத்துங்கள்.

கடந்த வாரம் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் நாம் ஒரு கேள்வி போட்டிருந்தோம். எமது பாடசாலைக்குப் பின்னால் பழைய இரும்பு உருக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் புகையை யாராவது எப்போதாவது அளந்திருக்கிறார்களா? இவ்வளவுதான் கேள்வி. மூடச் சொல்லவில்லை. குற்றம் சாட்டவில்லை.

அன்றிரவே பதில்கள் குவிந்தன.

"சேர், அவர் நம்மட ஆள். பள்ளிக்கு எவ்வளவு செஞ்சிருக்கார் தெரியுமா?"

"அதுல பன்னிரண்டு குடும்பம் சாப்பிடுது. வயித்துல அடிக்காதீங்க."

"நாமளே நம்மட ஆளக் காட்டிக் குடுத்தா, மத்தவங்க சும்மா இருப்பாங்களா?"

"உலகத்த நாசமாக்கிறது சீனாவும் அமெரிக்காவும். மாத்தளையில ஒரு சின்னப் பட்டறையால என்ன வந்துடப் போகுது?"

எம்மிடம் படித்த ஒரு தம்பி தொலைபேசித் திரையைப் படம் பிடித்துப் போட்டார். "சேர், மாத்தளை காத்து பச்சை நிறம் காட்டுது, பாருங்க. பிரச்சினையே இல்ல."

ஒருவர்கூட "அளந்திருக்கிறோம், இதோ கணக்கு" என்று சொல்லவில்லை. "அளக்கவில்லை, அளப்போம்" என்றும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம். பட்டறையின் பெயரையோ உரிமையாளரின் பெயரையோ இங்கே எழுத மாட்டோம். பின்னூட்டத்திலும் யாரும் எழுத வேண்டாம். எமது சண்டை ஒரு மனிதரோடு அல்ல. அளக்காமலே வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கும் நமது பழக்கத்தோடுதான்.

முதலில் நாம் எல்லோரும் ஓதுகிற ஒரு விஷயம். குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயரே ஹதீத், அதாவது இரும்பு. அதன் 25ஆவது வசனத்தில் வேதமும் தராசும் இரும்பும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. மனிதர் நீதியோடு நிற்பதற்காக மீஸான் என்னும் தராசு. வலிமைக்கும் பயன்பாட்டுக்கும் இரும்பு. இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு தராசை ஓரத்தில் வைக்கச் சொல்லி எங்கும் இல்லை. அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்க முதஃப்பிஃபீன் என்று தனி அத்தியாயமே இருக்கிறது.

நமது பழைய இரும்புக் கடையில் நின்று பாருங்கள். நூறு கிராம் குறைந்தால் சண்டை வரும். தகரம் வேறு, வார்ப்பிரும்பு வேறு, செம்பு வேறு என்று பிரித்து நிறுப்பார்கள். உள்ளே வரும் இரும்புக்கு இவ்வளவு கண்டிப்பான தராசு வைத்திருக்கும் நாம், அதே இரும்பிலிருந்து வெளியேறி தரம் 3 பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும் தூசுக்கு ஒரு தராசும் வைக்கவில்லை. இது நீதியா?

"இரும்பு உருக்குவதைப் பற்றி மாத்தளைக்காரனுக்கு என்ன தெரியும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சகோதரரே, நமது மாவட்டத்துக்குத் தெரிந்த அளவு உலகில் பல ஊர்களுக்குத் தெரியாது. சீகிரியாவுக்கு அருகே அலகொலவெவ பக்கத்தில் தெஹிகஹ-அல-கந்த என்ற இடத்தில் 1990களின் தொடக்கத்தில் தொல்லியலாளர்கள் அகழ்ந்து பெரிய இரும்பு உருக்கு உலைகளைக் கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரை அங்கே வேலை நடந்திருக்கிறது. சீகிரியாவுக்குச் சுற்றுலா போகும் நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில் இன்னொரு அதிசயம் கிடைத்தது. மேற்கிலிருந்து அடிக்கும் பருவக்காற்றையே துருத்தியாகப் பயன்படுத்திய உலைகள் அவை. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது ஸரந்தீப் வாள்களையும் குறிப்பிட்டார். வெறும் காற்றில் அவ்வளவு சூடு வருமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. அதே மாதிரி உலை ஒன்றைக் கட்டி, பருவக்காற்றில் எரியவிட்டு, அளந்து காட்டினார். நல்ல உருக்கு கிடைத்தது. 1996இல் நேச்சர் சஞ்சிகையில் அது வெளியானது. அந்தப் பழைய கைத்தொழிலாளரின் மானத்தைக் காப்பாற்றியது ஓர் அளவீடுதான். அளவீடு என்றால் தொழிலுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, இன்றைக்கு வருவோம்.

உலகில் உருக்கு பெரும்பாலும் இரண்டு வழியில் செய்யப்படுகிறது. ஒன்று, இரும்புத் தாதுவை நிலக்கரியிலிருந்து செய்த கற்கரியோடு ஊதுலையில் இட்டு உருக்குவது. தாதுவில் உள்ள ஒட்சிசனைப் பிரித்தெடுக்கும் வேலையைக் காபன் செய்கிறது. அந்தக் காபன் கடைசியில் காபனீரொட்சைட்டாக வெளியே போகிறது. இந்த வழியில் ஒரு தொன் உருக்குக்கு ஏறத்தாழ 2.3 தொன் காபனீரொட்சைட்டு. மற்றது, பழைய இரும்பை மின் உலையில் உருக்குவது. அதில் ஏறத்தாழ 0.7 தொன். இவை உலக சராசரிகள். ஆண்டுக்கு 190 கோடி தொன் அளவில் உருக்கு செய்யும் இந்தத் தொழில், மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் 7 முதல் 9 சதவீதத்துக்குப் பொறுப்பு.

இலங்கையில் ஊதுலை இல்லை. 1960களில் சோவியத் உதவியோடு ஒருவலவில் அரசாங்கம் தொடங்கிய உருக்குத் தொழிற்சாலையும் தாதுவை உருக்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. வெளிநாட்டு உருக்குக் கட்டிகளைச் சூடாக்கிக் கம்பியாக இழுப்பதற்காகத்தான். இன்றும் நாட்டில் நடப்பது இரண்டு. இறக்குமதிக் கட்டியைக் கம்பியாக்குவது. பழைய இரும்பை உருக்கிக் கட்டியோ வார்ப்போ ஆக்குவது. எமது பாடசாலைக்குப் பின்னால் இருப்பது இந்த இரண்டாவதின் மிகச் சின்ன வடிவம். கழிவு ஒயிலில் எரியும் ஒரு சிறு உலை.

தரம் 10 வகுப்பில் இதைக் கணக்காகவே செய்தோம். காபனை அளக்கப் புகைபோக்கியில் ஏற வேண்டியதில்லை. கணக்குப் புத்தகம் போதும். உள்ளே போகும் எரிபொருளில் எவ்வளவு காபன், வெளியே வரும் இரும்பில் எவ்வளவு தங்கியது, மிச்சம் காற்றில். 12 கிலோ காபன் முழுதாக எரிந்தால் 44 கிலோ காபனீரொட்சைட்டு. ஒரு லீற்றர் ஒயில் எரிந்தால் ஏறத்தாழ 2.7 முதல் 3 கிலோ. ஒரு நாளைக்கு 100 லீற்றர் எரித்தால் 270 முதல் 300 கிலோ. ஒயில் வாங்கிய பில் இருந்தால் ஒரு மாணவியே இதைச் செய்துவிடுவாள். செய்தாள்.

கணக்கை முடித்துவிட்டு அவளே கேட்டாள்: "சேர், இந்தக் காபனீரொட்சைட்டாலயா எங்களுக்கு இருமல் வருது?"

வகுப்பில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. இல்லை, மகள். காபனீரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெளிக்காற்றில் இருக்கிற அளவில் அது உன் தொண்டையை அரிக்காது. அது செய்யும் சேதம் பூமியைச் சூடாக்குவது. அது ஊர் பார்க்காது, நாடு பார்க்காது. உன் தொண்டையை அரிப்பது வேறு. புகையிலுள்ள நுண்துகள், கந்தகவீரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டுகள், கரி. பழைய இரும்போடு சேர்ந்து உருகுகிற பெயின்டிலிருந்து ஈயம். கல்வனைஸ் தகரத்திலிருந்து நாகம். ஒயிலும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய இரும்பை அரைகுறைச் சூட்டில் போட்டால் டயொக்சின் வரைக்கும் போகும்.

ஆகவே உறவுகளே, உலையிலிருந்து இரண்டு வகையான சேதம் வெளியேறுகிறது. ஒன்று தூரத்துக்கு, மற்றது பக்கத்து வீட்டுக்கு. இரண்டுக்கும் தராசு வேறு. ஒன்றை அளந்துவிட்டு மற்றதற்கும் சேர்த்து நல்லவர் பட்டம் வாங்க முடியாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் தெரியுமா? இப்போது எங்கும் "பசுமை உருக்கு" என்ற பேச்சு. இந்தியா 2024 டிசம்பரில் அதற்கு ஒரு வரையறையே அறிவித்தது. ஒரு தொன் உருக்குக்கு 2.2 தொன்னுக்குக் குறைவான காபனீரொட்சைட்டு என்றால் பசுமை, 1.6க்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். நல்ல விஷயம். ஆனால் அந்த நட்சத்திரம் எண்ணுவது காபனை மட்டும். ஆலைக்குப் பக்கத்துப் பாடசாலையின் ஜன்னல் தூசை அது எண்ணுவதில்லை. பழைய இரும்பை உருக்கும் உலை காபன் கணக்கில் ஊதுலையை விட எவ்வளவோ நல்லது. அதே உலைக்குத் தூசு வடிகட்டி இல்லாவிட்டால், பக்கத்தில் வாழும் பிள்ளைக்கு அது நல்லதல்ல. "நாங்க பழைய இரும்பத்தான் உருக்குறோம், சுற்றாடலுக்கு நன்மை" என்று சொல்லும் சகோதரர்களே, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதியை அளந்து காட்டுங்கள்.

இனி அந்தத் தம்பியின் பச்சை நிறத்துக்கு வருவோம்.

தம்பி, தொலைபேசி காட்டும் அந்த எண் எமது பாடசாலைக்குப் பின்னால் யாரும் கருவி வைத்து எடுத்ததல்ல. பக்கத்தில் அளவைக் கருவி இல்லாத இடங்களுக்கு இத்தகைய செயலிகள் செய்மதித் தரவையும் வானிலைக் கணிப்பையும் சேர்த்து, பல கிலோமீற்றர் பரப்புக்கு ஒரு மதிப்பீட்டைத் தருகின்றன. அறுபது மீற்றர் தூரத்தில் இருக்கும் ஒரு புகைபோக்கி அந்தக் கட்டத்துக்குள் தெரியவே தெரியாது. பச்சையைக் காட்டிப் பட்டறையைக் காப்பாற்றுவதும் பிழை. நாளை அது சிவப்பாக மாறினால், அதைக் காட்டிப் பட்டறையைக் குற்றம் சாட்டுவதும் அதே பிழை.

உண்மையான அளவீட்டில் மூன்று படிகள் இருக்கின்றன.

ஒன்று, புகைபோக்கிக்குள் அளப்பது. குழாயில் துளையிட்டு, உள்ளே புகை ஓடும் வேகத்திலேயே அதை உறிஞ்சி, வடிதாளில் பிடித்து நிறுப்பது. வேகம் மாறினால் கணக்கு பிழைக்கும். அதனால் பயிற்சி பெற்றவர் வேண்டும். நிலையான மூலங்களிலிருந்து வெளியேறும் புகைக்கான ஒழுங்குவிதிகள் நமது நாட்டில் 2019இல் வர்த்தமானியில் வந்துவிட்டன.

இரண்டு, நாம் சுவாசிக்கும் இடத்துக் காற்றை அளப்பது. பீ.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைந்த விட்டமும் உள்ள துகள். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மூக்கு அதை மறிக்காது. 2008இல் திருத்தப்பட்ட நமது நாட்டுத் தரநிலைப்படி ஒரு கன மீற்றர் காற்றில் 24 மணி நேர சராசரி 50 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 25. உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன வழிகாட்டல் 24 மணி நேரத்துக்கு 15, ஆண்டுக்கு 5. அதாவது நமது சட்டத்தின்படி சரி என்று வரும் காற்றுகூட, உலக சுகாதார அமைப்பு சொல்லும் ஆண்டு அளவைப் போல ஐந்து மடங்கு இருக்கலாம். இதைத் தெரிந்துகொண்டே பேசுவோம்.

மூன்று, சின்ன மலிவு உணரிகள். ஒளிக்கற்றையைத் துகள் சிதறடிப்பதை வைத்துக் கணிப்பவை. ஈரப்பதன் கூடிய காலையில் துகள் நீரை உறிஞ்சி வீங்க, இவை கூட்டிக் காட்டும். நக்கிள்ஸ் பக்கத்துப் பனியும் மழையும் உள்ள நமது ஊரில் இதைக் கவனிக்காவிட்டால் பொய்க் கணக்குத்தான் வரும். தரமான கருவிக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அதன் பேச்சை நம்பலாம்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு அளந்து என்ன கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்களின் கதை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜெனீவா என்ற உருக்காலை இருந்தது. 1986 ஓகஸ்டில் தொழில் தகராறால் மூடப்பட்டு, 1987 செப்டெம்பரில் திரும்பவும் திறந்தது. ஆர்டன் போப் என்ற பொருளியல் ஆசிரியர் அந்த மாவட்டத்தின் காற்று அளவீட்டையும் வைத்தியசாலைப் பதிவேட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆலை இயங்கிய குளிர்காலங்களில், மூச்சுக்குழல் அழற்சியாலும் ஆஸ்துமாவாலும் வைத்தியசாலையில் சேர்ந்த பள்ளி செல்லாச் சிறுவர்களின் எண்ணிக்கை, மூடியிருந்த குளிர்காலத்தை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1989இலிருந்து இதுபற்றிய ஆய்வுகளை வெளியிட்டார். உலகம் முழுக்க நுண்துகள் பற்றிய சட்டங்கள் இறுகியதில் அந்த வகை ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே முன்கூட்டியே காற்றை அளந்து வைத்திருந்தார்கள், வைத்தியசாலை ஒழுங்காக எழுதி வைத்திருந்தது. அதனால்தான் உண்மை வெளியே வந்தது. நமது ஊரில் நாளைக்கே பட்டறை ஒரு வருடம் மூடிக் கிடந்தாலும் நமக்கு எதுவும் தெரியவராது. ஒப்பிட எதுவும் எழுதி வைக்கவில்லையே.

மற்றது இத்தாலியின் தாரந்தோ. ஐரோப்பாவின் மிகப் பெரிய உருக்காலைகளில் ஒன்று அங்கே. தம்பூரி என்ற குடியிருப்பு ஆலையை ஒட்டியே இருக்கிறது. 2017இல் ஆலைப் பக்கமிருந்து காற்று பலமாக வீசும் நாட்களில் அந்தப் பகுதிப் பாடசாலைகளை மூட உத்தரவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். மழைக்கு லீவு, தேர்தலுக்கு லீவு, காற்றுக்கு லீவு. அங்கேயும் பல ஆண்டுகள் "ஆயிரக்கணக்கான குடும்பம் சாப்பிடுது" என்றுதான் சொன்னார்கள். அது உண்மையும்தான். கடைசியில் வேலையும் ஆட்டம் கண்டது, பிள்ளைகளின் படிப்பும் ஆட்டம் கண்டது. ஆரம்பத்திலேயே அளந்து திருத்தியிருந்தால் இரண்டையும் காத்திருக்கலாம் என்பதே எமது வாதம்.

"நாம சின்ன நாடு" என்ற பதிலுக்கு வருவோம். உலகக் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. உண்மை. ஆனால் ஏன் குறைவு? நமது வீட்டுக் கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பியின் காபன் பெரும்பாலும் கட்டி செய்த நாட்டின் கணக்கில் விழுகிறது. கம்பி நம்மிடம், கணக்கு அவர்களிடம். கடன் கொப்பியில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டு "எனக்குக் கடனே இல்லை" என்று சொல்வது போன்றது இது.

நமது மாவட்டத்துக்கு இதில் நேரடி உறவும் உண்டு. மின் உலையில் ஒரு தொன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 அலகு மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அலகு உக்குவளையிலோ போவத்தென்னவிலோ மொரகஹகந்தவிலோ தண்ணீரில் பிறந்தால் காபன் மிகக் கொஞ்சம். வரட்சி வந்து நுரைச்சோலை நிலக்கரியில் பிறந்தால் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரே உலை, ஒரே இரும்பு; நமது மலையில் மழை பெய்ததா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. அளக்காமல் "எங்களுடையது சுத்தம்" என்றோ "உங்களுடையது அசுத்தம்" என்றோ யாரும் சொல்ல முடியாது.

வெளிநாட்டுச் சந்தையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தனது எல்லைக்குள் வரும் இரும்பு, சீமெந்து, அலுமினியம் போன்றவற்றின் காபன் கணக்கை 2023 ஒக்டோபரிலிருந்து கேட்க ஆரம்பித்தது. 2026 ஜனவரியிலிருந்து அதற்கு விலையும் வைத்துவிட்டது. அளந்து உறுதிப்படுத்திய கணக்கு இல்லாதவருக்கு அவர்களே ஓர் எண்ணை எழுதிக்கொள்வார்கள். அந்த எண் தாராளமாக இருக்காது. தன் கணக்கைத் தான் எழுதாதவனுக்கு மற்றவன் எழுதுவான். சின்ன நாடு, சின்ன வியாபாரி என்றால் இதை இன்னும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நமது மாவட்டத்திலும் மலை சரிந்தது, வீடுகள் போயின. ஒரு புயலுக்கு ஒரு பட்டறையைக் காரணம் காட்டுவது மடத்தனம். ஆனால் காற்று ஒரு பாகை சூடானால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைச் சுமக்கும் என்பது பௌதிகம். அந்த நீர் ஒரே இரவில் கொட்டுவது நமது மலையில்தான். இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டக் கம்பியும் தகரமும் வேண்டும். நமக்கு உருக்கு வேண்டவே வேண்டும். அதனால்தான் "மூடு" என்று சொல்லாமல் "அள" என்று சொல்கிறோம்.

இனி எல்லாவற்றிலும் கஷ்டமான பதில்: "நம்மட ஆள்."

பாடசாலையில் இருந்து நாம் ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், "புகை அளவோடுதான் இருக்கிறது" என்றார்கள். எந்த அளவில் என்று கேட்டோம். "கண்ணால் பார்த்தோம்" என்றார்கள். காய்ச்சலைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் வைத்தியரிடம் நாம் பிள்ளையைக் கொண்டுபோவோமா? அப்போதும் ஊரில் சிலருக்கு நிம்மதி. "பிரச்சினை முடிஞ்சுது சேர்." முடியவில்லை. மூடி வைக்கப்பட்டிருக்கிறது.

சிறுபான்மையாக வாழும் நமக்குள் இருக்கும் பயம் எமக்குத் தெரியும். நமது குறையை நாமே பேசினால் அது வேறு கைக்குப் போய் வேறு விதமாகத் திரும்பி வரும் என்ற பயம். அது காரணமில்லாத பயமும் அல்ல. ஆனால் அந்தப் பயத்துக்கு நாம் கொடுக்கும் விலை யாருடைய நெஞ்சிலிருந்து போகிறது? அந்தப் புகையின் கீழே படிப்பவர்களில் பெரும்பாலானோர் நமது பிள்ளைகள். உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர்கள் அந்தப் பன்னிரண்டு குடும்பங்களின் வாப்பாமார். தகரம் உருக்கிய நாள் இரவில் குளிர்க்காய்ச்சல் வந்து, அடுத்த நாள் தானாகவே போய்விடுவதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பால் குடித்தால் சரி என்பார்கள். அது நாகப் புகைக் காய்ச்சல். பால் அதற்கு மருந்தல்ல. "வயித்துல அடிக்காதீங்க" என்பவர்களே, அதே மனிதனின் நெஞ்சைப் பற்றி ஏன் ஒன்றும் பேசுவதில்லை?

இன்னொன்றும் சொல்கிறோம், கவனமாகக் கேளுங்கள். அளந்து பார்த்தால் பட்டறை குற்றமில்லாதது என்றும் வரலாம். எமது பிள்ளைகளின் இருமலுக்குச் சுண்ணாம்புச் சூளை காரணமாக இருக்கலாம், குப்பை எரிப்பது காரணமாக இருக்கலாம், பாடசாலை வாசலில் என்ஜினை நிறுத்தாமல் நிற்கும் வேன்கள் காரணமாக இருக்கலாம், வீட்டு விறகடுப்பாகவும் இருக்கலாம். சுண்ணாம்பை மட்டும் எடுங்கள்: 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் முழுதாக வெந்தால், விறகுப் புகையைச் சேர்க்காமலே 44 கிலோ காபனீரொட்சைட்டு போகும். உருக்கு உலைகளுக்கும் அதே சுண்ணாம்பு தேவை. ஆகவே இன்று அளக்க மறுப்பவர், நாளை யாராவது பொய்யாகப் பழி சொன்னால் எதைக் காட்டித் தன்னைக் காப்பாற்றுவார்? நமது ஆளை உண்மையாகவே காப்பாற்ற விரும்பினால் அவர் கையில் ஓர் அளவீட்டு அறிக்கையைக் கொடுங்கள். அதை விட நல்ல கவசம் இல்லை.

எமது கோரிக்கைகள் பெரியவை அல்ல.

1. பாடசாலையில் ஒரு கொப்பி. திகதி, காற்றின் திசை, புகை தெரிந்ததா, எத்தனை பிள்ளைகள் இருமலால் வரவில்லை. இதை வரும் திங்கட்கிழமை முதல் நாமே தொடங்குகிறோம். பிள்ளைகளின் பெயர் எழுத மாட்டோம்.

2. பட்டறை உரிமையாளர் மாதம் எத்தனை கிலோ இரும்பு, எத்தனை லீற்றர் ஒயில், எத்தனை அலகு மின்சாரம் என்று எழுதி வைக்கட்டும். காபன் கணக்கை எமது மாணவர்கள் இலவசமாகச் செய்து கொடுப்பார்கள்.

3. பெயின்ட், தகரம், பற்றரி, ஒயில் ஒட்டியவை, மூடிய கலன்கள் உலைக்குப் போகாமல் பிரிக்கப்படட்டும். பிரித்து நிறுக்கும் பழக்கம் நமது வியாபாரிகளுக்கு ஏற்கனவே உண்டு.

4. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அதன் நிபந்தனைகள் என்ன, புகைபோக்கி எப்போது அளக்கப்பட்டது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுவோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இது காட்டிக் கொடுப்பதல்ல. பிரஜையின் உரிமை.

5. பள்ளிவாசல் நிர்வாக சபை ஒரு முறை புகைபோக்கி அளவீட்டுக்கு ஆகும் செலவை ஊரிலிருந்து திரட்டட்டும். உரிமையாளரும் பங்களிக்கட்டும். முடிவு எதுவானாலும் பள்ளி அறிவிப்புப் பலகையில் போடப்படட்டும். வடிகட்டி போட வேண்டும் என்று வந்தால் அதற்கும் ஊர் சேர்ந்து கடன் கொடுக்கட்டும். நம்மட ஆள் என்பதன் அர்த்தம் அதுதான்.

பட்டறை உரிமையாளரான சகோதரரும் இதை வாசிப்பார் என்று எமக்குத் தெரியும். நானா, உங்கள் பிள்ளையும் எமது வகுப்பில்தான் இருக்கிறார். நல்ல பிள்ளை. ஜன்னலோரம் உட்காருகிறார். உங்கள் கடைத் தராசில் எந்தப் பிழையும் இல்லை என்று ஊரே சொல்லும். அதே தராசைப் புகைபோக்கி வரைக்கும் தூக்கிவையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எமது எண்களில் பிழை இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், திருத்திக்கொள்வோம். ஏசுவதானால் எம்மை ஏசுங்கள், அவரை அல்ல. உடன்பட்டால் பகிருங்கள், அதை விட, திங்கட்கிழமை காலை பிள்ளையை விட வரும்போது ஒரு நிமிடம் நின்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எமது கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள்.

அல்லாஹ் நம் எல்லோருடைய அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைத் தருவானாக. ஆமீன்.